ஒன்றரை நொடி இருமல்

காலை பத்தே காலுக்குக் காதுவுக்கு டைரக்டரிடமிருந்து போன் வந்தது.

காது என்பது அவனுடைய பட்டப்பெயர். ஒலிக்கூடத்தின் கடைசி அறையில் மின்விசிறி முனகினால்கூட எழுந்து போய் எண்ணெய் விடுகிறவன். அப்பேர்ப்பட்ட காதுகளில் இப்போது வேறு எதுவும் ஏறவில்லை. டைரக்டர் போனில் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு மணிக்கு அம்மா படம் பாக்க வர்றாங்க. அந்த இருமல் மட்டும் கணீர்னு கேக்கணும், என்ன?"

படம், மறைந்துபோன பெரிய பாடகர் ஒருவரின் வாழ்க்கை. அம்மா என்றது அவர் மனைவியை. பாடகரின் கடைசிக் கச்சேரி பதிவான ஒரே நாடாவை, நாற்பது வருடம் பீரோவில் வைத்திருந்து, அவர்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். பழைய நாடா, ஒருமுறை ஓடினாலே உதிர்ந்துவிடும். அப்படியே உதிர்ந்தும் விட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதி ஒன்றுதான் மிச்சம்.

அந்தப் பிரதியில் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடகர் முனகத் தொடங்குவார். மூன்றாவது நொடியில் ஓர் இருமல். பிறகு அமைதி. பிறகு மறுபடி முனகல். இருமலின் நீளம் ஒன்றரை நொடி. அதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் வந்திருந்தன. ஒன்று அதைக் காசநோய் என்றது, மற்றது தாயை இழந்த துக்கம் என்றது. டைரக்டர் இரண்டையும் நம்பி, படத்தின் உச்சக்கட்டத்தையே அந்த இருமலின் மேல் கட்டியிருந்தார். கதாநாயகன் நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் மூன்று மாதம் போய் இருமக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

இதை யாரும் காதுவிடம் சொல்லவில்லை. நாடாவிலிருந்த இரைச்சலை எடுத்தான், நாற்காலி கிறீச்சிட்டதை எடுத்தான், இருமலையும் எடுத்தான். சுத்தமாக வந்துவிட்டது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு டீயும் குடித்தான்.

அதோடு போயிருந்தால்கூடப் பிழைத்திருப்பான். அந்த ஒலிக்கூடத்தில் முடித்த வேலைக்கெல்லாம் 'கடைசி' என்றுதான் பெயர் வைப்பார்கள். அவன் முடித்தது கச்சேரி, ஆகவே 'கடைசிக் கச்சேரி' என்று தட்டினான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. நேற்றைய அரைகுறை வேலை போலிருக்கிறது என்று நினைத்து, 'சரி' என்றான். நாடா நிஜமாகவே கடைசிக் கச்சேரி என்பதும், பிரதிக்கு அதே பெயர்தான் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

எடிட்டரின் அறைக்கு ஓடினான். எடிட்டர் அவன் அக்காவின் வீட்டுக்காரர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

"அத்தான், ஒரு சின்ன விஷயம்."

"நீ சின்ன விஷயம்னாலே எனக்கு உங்கக்கா மூஞ்சிதான் ஞாபகம் வருது. சொல்லு."

"அந்த இருமல்... தொடைச்சிட்டேன்."

"மாப்ள, வீட்ல சாப்பிட்ட தட்டு வச்ச இடத்தக்கூட நீ தொடைக்க மாட்டியேடா."

"ஒரிஜினலும் போயிடுச்சு அத்தான்."

எடிட்டர் எழுந்து கதவைச் சாத்தினார். "அந்தம்மா என்ன சொல்லிருக்காங்க தெரியுமா? படத்துல என்ன வேணா கதை விட்டுக்கோங்க, நாடால மட்டும் கை வைக்கக் கூடாது. வச்சா கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லன்னா படம் வெளிய வராது. வரலன்னா டைரக்டர் உன்னை..."

அங்கே நிறுத்திக்கொண்டார். வாக்கியத்தை எந்த இடத்தில் வெட்டினால் பயம் கூடும் என்பது அவர் தொழில்.

காது பதிவறைக்குள் போய்த் தானே இருமினான். முதல் முப்பதும் கோழி கூவுகிற மாதிரி வந்தன. நாற்பத்தொன்றாவது பரவாயில்லை. அதன் மேல் கொஞ்சம் இரைச்சலைத் தூவிப் பழசாக்கி, இடைவெளியில் செருகினான்.

நாலு மணிக்கு அம்மா வந்தார். எண்பது வயது, குட்டி உருவம், கைப்பையில் சொந்தப் பேனா. காது அவருக்குப் பின்னால் உட்கார்ந்து முதலில் அவர் காதுகளைத்தான் பார்த்தான். கேட்கும் கருவி ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. இல்லை.

படம் ஓடியது. உச்சக்கட்டத்தில் கதாநாயகனின் முகம் திரை முழுக்க வந்தது. முனகல் தொடங்கியது. ஒன்று, இரண்டு...

முன் இருக்கையில் அம்மா இருமினார். அரை நொடி கழித்துத் திரையும் இருமியது.

"நிறுத்துங்க," என்றார் அம்மா. விளக்குகள் எரிந்தன. "இப்ப இருமினது யாரு?"

டைரக்டர் குழைந்தார். "ஐயாதாம்மா. அந்த நோயி, அந்தத் துக்கம்..."

"அவர் மேடையில இருமினதே இல்ல. அது நான்."

அம்மா டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"பாட்ட எடுக்கும்போதே சுருதிய மேல எடுத்துடுவார். அப்புறம் உச்சத்துல போய்த் திண்டாடுவார். முதல் வரிசைலேருந்து நான் இருமினா இறக்கிக்குவார். பதினெட்டு வருஷம் இருமிருக்கேன். ஊர்ல எனக்குத்தான் காசம்னு பேச்சு." பேனாவைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டார். "என் இருமல் எங்க?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. காது எழுந்தான்.

"அழுக்குன்னு நெனச்சுத் தொடைச்சிட்டேம்மா. நாடாவும் உதிர்ந்துடுச்சு. இது... என்னோடது."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சளி கட்டியிருக்கு. கவனிச்சுக்கோ."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பயம் முற்றிப்போனதில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அம்மா, இன்னொரு தடவை இருமித் தர முடியுமா?"

எடிட்டர் கண்களை மூடிக்கொண்டார்.

பதிவறையில் அம்மாவுக்குச் சொன்னபடி இருமல் வரவில்லை. "கேட்டா வர்றதுக்கு அது என்ன நான் வளத்த பூனையா?" என்றார். காது ஹெட்போனை மாட்டிவிட்டு முனகலை ஓட்டினான். ஒன்று, இரண்டு, அம்மாவின் புருவம் சுருங்கியது. மூன்றில் இருமல் வந்தது, பிசகாமல் அதே இடத்தில். அமைதிக்குப் பிறகு பாடகரின் குரல் ஒரு படி கீழே இறங்கி வந்தது.

"ம், இப்ப சரி," என்றார், ஹெட்போனுக்குள் இருந்தவரிடம்.

வெளியே வந்து பேனாவை எடுத்தார். "பத்திரமா வச்சுட்டியா? சொல்லு, போடறேன்."

காது 'கடைசிக் கச்சேரி' என்று தட்டினான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். இரண்டு கைகளையும் போலீஸைக் கண்டவன்போல் மேலே தூக்கினான். "அத்தான், கொஞ்சம் இங்க வாங்களேன்." எடிட்டர் வந்து பக்கத்தில் நின்ற பிறகே ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, 'அம்மா இருமல்' என்று தட்டினான். கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முறை திறந்து பார்த்தான். இருந்தது.

அம்மா காகிதத்தின் மேல் குனிந்தார். கதாநாயகனின் மூன்று மாத இருமல் இனிப் படத்தில் இல்லை என்பதை டைரக்டர் போனில் யாரிடமோ அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார்.

கையெழுத்தின் பாதியில் அம்மா லேசாக இருமினார்.

டைரக்டர் குரலை இறக்கிக்கொண்டார்.