கடைசித் துண்டு மீன்

அந்த ஓட்டலின் மேசைவிரிப்புகளை எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். பல வருஷமாக அவற்றைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுபவள் நான். எந்தத் துணியில் ஒயின் கொட்டியது, எந்தக் கறைக்கு நான் பல்லைக் கடித்தேன் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அவற்றின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு நிர்வாகம் இரண்டு பேர் சாப்பாடு கொடுத்துக் கௌரவிக்கும். சம்பளத்தைக் கூட்டுவதைவிட அது அவர்களுக்குச் சுலபம்.

நான் மாமியாரை அழைத்துப் போனேன். பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டு இந்த மலையூர் தாலாத்தை விட்டே போகப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் சொன்னால் சந்து முழுக்கக் கேட்கும். சந்தைப் படிக்கட்டில் சோயா பால் கூவி விற்ற தொண்டை அது. இந்தக் கூடத்திலோ, பீங்கானில் கரண்டி பட்டாலே பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். இங்கே யாராலும் கத்த முடியாது. அதுதான் என் கணக்கு.

என் கணவர் லாம், மலைப்பாதையில் லாரியோடு உருண்டு செத்ததிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து சோயாவைக் கல்லில் அரைத்துக் கொடுப்பேன். பிறகு ஓட்டலில் துவைப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பால் பானைகளைத் தேய்ப்பேன். நல்ல மருமகள் என்று சந்தே மெச்சியது. மெச்சி மெச்சியே என் இடுப்பை ஒடித்துவிட்டார்கள். கீழே கடலோரத்து ஃபான் ராங்கிலிருந்து ஓட்டலுக்குச் சரக்கு கொண்டுவரும் பாங், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, தூக்கம்தான். அங்கே போனால் விடியும்வரை தூங்கலாம் என்று தோன்றியது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, ஒரு மாதமாக அந்தத் தூக்கமும் போயிற்று.

சாப்பாட்டுக்கூடத்தின் தலைவர் கியெம் அண்ணன் என்னைச் சும்மா விடுகிறவர் இல்லை. வழக்கமாகச் சலவைக்கூடத்து வாசலில் நின்று, "தோவா, இது மேசைத்துணியா, தகரமா?" என்று கேட்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு, சிரிக்காமல் என்னை மேடம் என்றார். முந்தின நாளே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

"காப்பி வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத," என்று எச்சரித்திருந்தார். "பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துலேருந்து இங்க அதான் வழக்கம். தோட்டத்த வித்தது, பொண்டாட்டிய விட்டது, எல்லாத்தையும் காப்பி வந்தப்புறம்தான் சொல்லுவாங்க. நடுவுல சொல்லி யாராச்சும் எந்திரிச்சுப் போயிட்டா சமையல்காரர் என்னைத்தான் வறுப்பாரு."

மாமியார் தன் ஒரே வெல்வெட் அங்கியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கியெம் அண்ணன் என்னென்ன வரும் என்று ஒப்பித்தார். முதலில் சூப், பிறகு மீன், வாத்து, சீஸ், இனிப்பு, கடைசியில் காப்பி.

"காப்பிக்கு அப்புறம்?" என்று கேட்டார் மாமியார்.

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்குப் போகலாம்."

"ஓ," என்றார் அவர்.

சூப்பை அவர் கஷாயம் குடிப்பதுபோலக் குடித்தார். நடுநடுவே ஜன்னலைப் பார்த்தார். நான் குடித்து முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எப்படியோ சூப் ஒழிந்து மீன் வந்தது. வெண்ணெய்க் குழம்பில் கிடந்த வெள்ளை மீன், முள்ளே இல்லை. பாதி வரை ஒழுங்காகச் சாப்பிட்டவர், பிறகு ஒரு விரல் அகலத் துண்டை மட்டும் தட்டில் ஓரங்கட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். முள்கரண்டி மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. மேசையில் ஒருவர் கையில் முள்கரண்டி இருக்கும்வரை யாருடைய தட்டையும் எடுக்க மாட்டார்கள். தட்டை எடுக்காமல் அடுத்தது வராது. மற்ற மேசைக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் மேசையில் மட்டும் அந்தத் துண்டு மீன் உட்கார்ந்திருந்தது.

"பிடிக்கலையாம்மா?" என்றேன்.

"பிடிச்சிருக்கு."

"அப்போ சாப்பிடுங்க."

"சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? என்ன அவசரம், ரயிலா பிடிக்கணும்?"

கியெம் அண்ணன் சுவரோரம் கால் மாற்றிக் கால் நின்றார். அவருக்குப் பாதத்தில் வீக்கம், புதுச் செருப்பு வேறு. உள்ளேயிருந்து சமையல்காரர் கதவு வழியாகத் தலையை நீட்டி முறைத்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். கியெம் அண்ணன் குனிந்து என் காதில், "நான் எப்படி எடுக்க முடியும்? பெரியவங்க கையில முள்கரண்டி இருக்கு. வாத்து உள்ள விறகாகுது, தோவா," என்று முனகிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் என்னைக் கட்டிப்போட்டது போதாதென்று, போகிறேன் என்று சொல்லும் வாயையும் ஒரு மீன் துண்டால் அடைக்கிறாரே என்று ஆத்திரமாக இருந்தது. கத்தலாம் போலிருந்தது. ஆனால் கத்த முடியாத இடத்தை நான்தானே தேடிப் பிடித்தேன்.

"அம்மா, எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துப் பேசினார். சந்தைத் தொண்டை எங்கே போயிற்றோ, எனக்கே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"லாம் போன அன்னிக்கும் நீதான் எனக்கு மொதல்ல சோறு போட்ட."

சேதி வந்தபோது அவர் சந்தையில் இருந்தார். முதலில் சாப்பிடட்டும், பிறகு எத்தனை நாளைக்குச் சோறு இறங்காதோ என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நானும் அப்படியே செய்தேன்.

"பசியோட வந்தேன். நல்லாருக்குன்னு சொல்லி இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்னேன். நான் கை கழுவின பிறகுதான் நீ சொன்ன. அதுலேருந்து யாராச்சும் என்னை உக்கார வச்சு உபசாரம் பண்ணினா எனக்குப் பயம் வந்துடுது. சாப்பாடு முடியாம இருந்தா சேதியும் வராதுன்னு..."

முடிக்காமல் விட்டுவிட்டார். சீஸ், இனிப்பு, காப்பி எல்லாவற்றையும் தாண்டிக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

"யாரும் சாகலம்மா," என்றேன். "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். பாங்னு ஒருத்தர். ஃபான் ராங்குக்குப் போறேன்."

அவர் நிமிர்ந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கா? எனக்கு என்ன?"

"ஒரு மாசமா நீ சரியா திங்கல. ராத்திரில எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கற. ஓட்டல்காரன் வேற கூப்பிட்டு விருந்து வைக்கிறான். தீராத நோவு ஏதோ வந்திருக்கு, அதச் சொல்லத்தான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கியோன்னு நெனச்சேன்." கைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ போகப்போறதுதான் எனக்குத் தெரியுமே. வாரா வாரம் ஃபான் ராங் திராட்சை கொண்டாற. உன் சம்பளத்துக்கு அது கட்டுமா? சந்தையில உக்காந்திருக்கறவகிட்டயே மறைக்கிற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கரித்தது.

"சோயா அரைக்க யாருமில்லையேன்னு..." என்று இழுத்தேன்.

"மிஷின் வாங்கிக்கறேன். எப்பவோ வாங்கியிருக்கலாம்." கைத்துணியை மடித்து மடியில் வைத்தார். "வாங்கினா உனக்கு வீட்டுல வேல இல்லாம போயிடும், நீயும் போயிடுவியோன்னுதான் வாங்கல."

இத்தனை விடியற்காலைகளில் நான் ஆட்டிய அந்தக் கல் என் தோளில் மறுபடியும் ஏறி உட்கார்ந்தது. திட்ட நினைத்தேன். திட்டவில்லை. அவரும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தத் துண்டு மீனை வாயில் போட்டு மென்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார். கியெம் அண்ணன் நொண்டி நொண்டிப் பறந்து வந்தார்.

வாத்து விறகாகத்தான் வந்தது. மாமியார் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு, ரொட்டியால் குழம்பையும் வழித்தார். நான் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கியெம் அண்ணன் இப்போது என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மனுஷனை எவ்வளவு நேரம்டி நிக்க வைப்ப?" என்றார் மாமியார். "சாப்பிடு. எலும்பும் தோலுமா அனுப்பினா, பெத்தவ சோறே போடலன்னு அவன் ஊர்ல என்னைத்தான் ஏசுவாங்க."

வாத்து ஆறிப்போயிருந்தது. நான் சாப்பிட்டேன்.