நோட்ஸ் பேஜ்

ஸ்லைடு போடும் சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனிக்கு வந்தது 1998 ஜனவரியில். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். புது ஸ்லைடு சேர்ப்பது, தலைப்பு அடிப்பது, அதன் கீழே புள்ளி வைத்து வரிகள் எழுதுவது, அவ்வளவுதான் பாடம். மீதியை அவர் விட்டுப்போன தடிப் புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்து நானே தெரிந்துகொண்டேன். ஆட்கள் சொல்லித் தருவதைவிட எனக்குப் புத்தகம் சுலபம். குறுக்கே பேசாது.

ஓசூர் சிப்காட்டில் தகடு அழுத்திப் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. நான் பர்சனல் டிபார்ட்மெண்டில் டைப்பிஸ்ட்.

"ஸ்லைடு கத்துக்கறன்னு சொன்ன, தலையில ஒண்ணயும் காணோம்?" என்றாள் டைம் ஆபீஸ் சரசம்மா.

"இது கம்ப்யூட்டர்ல போடற ஸ்லைடுக்கா."

"அதுக்கு ஏதுடி அவ்ளோ முடி?"

பிப்ரவரியில் நிஜமான வேலை வந்தது. பிரஸ் ஆபரேட்டர் கங்கப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஊத்தங்கரைப் பக்கத்து ஆள், பதினோரு வருஷ சர்வீஸ். விபத்து அவருடைய தப்பா என்று விசாரிக்கக் கிருஷ்ணகிரியிலிருந்து வக்கீல் ராஜப்பன் வருவதாக இருந்தது. தப்பு என்று முடிவானால் வேலை போகும். அந்த விசாரணையில் காட்ட ஸ்லைடு வேண்டும் என்றார் மேனேஜர் தீர்த்தகிரி.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன்.

"எழுத்து பறந்து வருமாமே, அதைப் போடும்மா."

போட்டேன். ஒவ்வொரு வரியும் இடப்பக்கத்திலிருந்து பறந்து வந்து நின்றது. அவர் நாலைந்து முறை பார்த்தார். நாலாவது ஸ்லைடில் தலைப்பு 'விபத்தின் காரணம்'. அதன் கீழே ஒரே வரி. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'. அதுவும் பறந்து வந்தது.

"நான் பேச வேண்டியதை எங்க எழுதி வெச்சிக்கறது? வெளிய தெரியக் கூடாது."

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அடியில் குறிப்பு எழுத இடம் உண்டு, திரையில் காட்டும்போது அது தெரியாது என்று காண்பித்தேன். நாலாவதன் அடியில் அவர் சொன்னது இது: 'வலது பட்டனில் ஜனவரி 12 முதல் கட்டை வைத்திருந்ததைச் சொல்ல வேண்டாம். கேட்டால், சரியாக இருந்தது.'

அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும். ஒன்றில் கட்டையைச் செருகிவிட்டால் ஒரு கையே போதும், உற்பத்தி கூடும். மற்றக் கை உள்ளே இருந்தாலும் இறங்கிவிடும். என்னை வைத்துக்கொண்டே அதை எப்படிச் சொன்னார் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். டைப்பிஸ்ட் அடிப்பாள், படிக்க மாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பிரிண்ட் எடுக்கும்போது பின்னால் வந்து நின்றார். எந்த மாதிரி பிரிண்ட் வேண்டும் என்று திரையில் நாலு வகை இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த நோட்ஸ் பேஜ், இதுல எடு. ஆளுக்கு ஒரு செட்."

"சார், நோட்ஸ் பேஜ்னா நேத்து நீங்க அடியில..."

"ஏம்மா, அவங்க நோட்ஸ் எடுத்துக்க எடம் வேணாமா? சொன்னதைச் செய்யி. பதினொண்ணுக்கு வக்கீல் வந்துடுவாரு."

அவர் மேஜையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். மற்ற நாளாக இருந்தால், அவர் ஃபோனை வைக்கும்வரை நின்று பாதியில் விட்டதைச் சொல்லி முடித்திருப்பேன். அன்று நிற்கவில்லை. ஐந்து செட் எடுத்து, ஓரத்தில் பின் அடித்து, விசாரணை அறை மேஜையில் வைத்தேன்.

ப்ரொஜெக்டர் கிடையாது. கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்திருந்தார்கள். மவுஸை அழுத்துவது என் வேலை. எதிரே வக்கீல், கங்கப்பன், அவருக்குத் துணையாக யூனியன் நசீருதீன். மேனேஜர் நின்றுகொண்டு பேசினார். எழுத்துகள் மெதுவாகப் பறந்து வந்தன. நசீருதீனுக்குப் பொறுமையில்லை, காகிதத்தை முன்னால் புரட்டிக்கொண்டே போனார். நாலாவது பக்கத்தில் அவர் கை நின்றது. பிறகு வக்கீலும் அந்தப் பக்கத்துக்கு வந்தார்.

"இன்னாண்ணா எழுதிக்குது?" என்றார் கங்கப்பன்.

நசீருதீன் தமிழில் சொன்னார். ஒரு முறைதான்.

மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் முன்னால் இருந்த செட்டைப் புரட்டினார்.

"டைப்பிஸ்ட் பண்ண தப்பு இது" என்றார். காகிதங்களைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார். நசீருதீன் முழங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"அது கெடக்கட்டும் சார். எங்க ஆளு மாதிரி கைய உள்ள விடாதீங்க."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "இதை நீங்களா எழுதினீங்க?"

"இல்லைங்க. சார் சொன்னாரு, அடிச்சேன்."

"எல்லாருக்கும் குடுத்தது?"

"நோட்ஸ் பேஜ் எடுக்கச் சொன்னாருங்க."

"எடுத்தா இதுவும் வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் அதோடு போயிருக்கும். புதிதாகக் கற்றவள்தானே. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு கங்கப்பனைக் கேட்டார். "கட்டைய வெச்சது யாரு?"

"நான் இல்லீங்க. ரெண்டு தபா புடுங்கிப் போட்டன். ஷிஃப்ட் மாறி வந்து பாத்தா மறுபடி இருக்கும்."

ஐந்து செட்டிலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார் வக்கீல். கங்கப்பன்மேல் குற்றம் இல்லை என்று மூன்றாவது வாரம் அறிக்கை வந்தது. அவருக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை கொடுத்தார்கள்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"ஃபரீதா, காலைல ஏதோ சொல்ல வந்தியே. முழுசா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம் சார்."

தன் அறைக்குப் போய்விட்டார். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றும் ஆர்டரை மறுநாள் அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன்.