யாரும் படுக்காத கட்டிலுக்கு வாடகை

கிரிசெல்டா வீட்டுக் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம்தான் கால்பந்து மைதானம். அவள் மகள் யரேட்சி காலையில் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, எந்த ஆட்டம் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிடுவாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் சமையலறை ஜன்னல் அவர்கள் வீட்டைப் பார்த்து இருக்கிறது. நான் என்ன செய்ய?

போன சனிக்கிழமை அங்கே பெரிய போட்டி. யரேட்சியின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எங்கள் ஊர் டேட்டன் வரை வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் கல்லூரிப் படிப்பு இலவசம். அந்த ஒரு நாளுக்காகத்தான் கிரிசெல்டா வருடாவருடம் மகளின் கால்பந்து கிளப்புக்கு மூவாயிரம் டாலர் அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்துச் சேர்த்த காசு.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற பெற்றோர் எல்லார் வாயிலும் லாலிபாப். கிளப்பின் வழக்கம் அது. வருடத்தில் ஒரு நாள் பெற்றோர் கத்தக் கூடாது என்று வாசலிலேயே ஆளுக்கொன்று கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள். வேடிக்கை பார்க்கப் போன எனக்கும் ஒன்று கிடைத்தது. செர்ரி.

யரேட்சி வேலியைத் தாண்டிக் குதித்து வந்தாள். அணியின் மேனேஜர் கெண்ட்ரா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஹோட்டல்ல குடுத்த பச்சைப் பட்டை எங்க, செல்லம்?"

"நான் வீட்லதானே தூங்குனேன்?"

"போட்டிக்காரங்க சொன்ன ஹோட்டல்ல ரூம் போட்டவங்கதான் விளையாடலாம். ரூல். போய் பெஞ்சுல உட்காரு."

வெளியூர்க்காரர்களுக்கான விதி என்றே கிரிசெல்டா நினைத்திருந்தாள். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

"கெண்ட்ரா, அதோ என் வீடு! கொல்லையில காயிற துணி தெரியுது பாரு!"

"தெரியுது. ஆனா ரூல்ல உள்ளூரு, வெளியூருன்னு இல்ல. இவளை இறக்குனா மொத்த டீமையும் தூக்கிருவாங்க."

"அந்த ஹோட்டல்லதான்டி நான் வேலை பாக்குறேன்! இன்னைக்குக் காலையில உன் கட்டிலுக்கு விரிப்பு மாத்துனதே நான்தான்!"

"ரொம்ப நல்லா போட்டிருந்த, தேங்க்ஸ். ஆனா ரூம் உன் பேர்ல இல்லையே?"

சுற்றி நின்றவர்கள் யாரும் வாயிலிருந்த குச்சியை எடுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். லாலிபாப் புல்லில் விழுந்தது, வார்த்தைதான் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

கிரிசெல்டா காரில் பறந்தாள். தான் துடைக்கும் ஹோட்டலிலேயே முழு வாடகை கட்டி ஓர் அறை எடுத்தாள். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து கவுண்டரில் இருந்த பையன் சிரித்தானாம். பச்சைப் பட்டையை ஆட்டிக்கொண்டு அவள் ஓடி வந்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது.

யரேட்சி இறங்கினாள். தொட்ட முதல் பந்திலேயே இரண்டு பேரைச் சுற்றவிட்டாள். நான் சட்டென்று பயிற்சியாளர் இருந்த பக்கம் திரும்பினேன். அவர் போட்டிருந்த மடக்கு நாற்காலியைக் காணோம். பக்கத்து மைதானத்தில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போய்விட்டாராம். யரேட்சியும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அவளைத் தாண்டிப் போனது.

மறுநாள் வேலை முடிந்து வந்த கிரிசெல்டாவை வேலியோரம் நிறுத்தி, அந்த அறை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நேத்து நான் எடுத்த ரூமைச் சுத்தம் பண்ற முறையும் எனக்கே வந்துச்சு, லொரெட்டா," என்றாள். "பழக்கதோஷத்துல கதவத் தட்டிட்டு நின்னேன். தொறப்பாங்கன்னு."