பத்தேகால் மணிப் பூஜ்யம்

என் தம்பியின் அலுவலக அறையில் நாற்காலிகள் மூன்று. அவற்றுள் இரண்டில் அவனுடைய அறிக்கைகளே வீற்றிருந்தன. உதவியாளர் அறிக்கைக் கட்டு ஒன்றை இறக்கித் தரையில் வைத்த பின்னரே எனக்கு இடம் கிடைத்தது.

தம்பி பொருளாதார வல்லுநன். கல்வியும் அரசுக் கொள்கையும் அவன் துறை. முதற் கட்டுரை அவனுக்கு வேலை வாங்கித் தந்தது. இரண்டாவது, விமானம் ஏற்றிவிட்டது. அதற்குப் பின் வந்தவை அமைச்சர்களின் பக்கத்து இருக்கையில் அவனை அமர்த்தின. பள்ளிகளைப் பற்றி எழுதியே இவ்வளவு உயர்ந்தவன், ஒரு பாடவேளை முழுவதும் ஒரு வகுப்பில் உட்கார்ந்ததாக நான் அறியேன். பிள்ளைகளின் இரைச்சல் அவனுக்குத் தலைவலி தரும்.

மறுநாள் அவன் அரசிடம் அளிக்கவிருந்த அறிக்கையில், மூடத்தக்க பள்ளிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. நான் முப்பத்தோராண்டு கற்பித்து, போன ஆண்டு ஓய்வுபெற்ற பள்ளியும் அதில் இருந்தது. பார்வையிட்டது நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம். நேரம்: முற்பகல் பத்தேகால். வருகை: பூஜ்யம்.

“உன் ஆளு வாசல்ல எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டார்டா. நாப்பத்தொரு பிள்ளைங்களும் என்கூடப் பின்பக்கம் குச்சி நட்டு நிழல் அளந்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வரிதானே, திருத்து.”

“உனக்காகத் திருத்தினா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு அக்காவைக் கூட்டிட்டு வருவாங்க. அதோட, ஒரு பள்ளிக்கூடம் மாறினா சராசரி மாறாதுக்கா.”

“சராசரியாடா நெடுஞ்சாலையைத் தாண்டி அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகுது? ஆறு வயசுப் பிள்ளைங்க!”

“அதுக்குத்தான் வேன் விடச் சொல்லியிருக்கேனே. பக்கம் தொண்ணூத்தி நாலு.”

தொண்ணூற்று நான்காம் பக்கத்தைச் சாலையின் குறுக்கே பிடித்தால் லாரிகள் நின்றுவிடும் என்று நம்பினான் போலும். அத்துடன் பேச்சு முடிந்ததென்று கருதி, தரையிலிருந்த கட்டிலிருந்து அறிக்கையின் ஒரு பிரதியை உருவி என்முன் வைத்தான்.

“அட்டை எப்படி? நானே எடுத்த படம். உயிருள்ள வகுப்புன்னு எல்லாரும் மெச்சுறாங்க.”

முற்றத்தில் ஒரு குச்சி. அதன் நிழலைச் சுற்றிப் பிள்ளைகள். நடுவில் அளவுகோலுடன் குனிந்த ஒரு முதுகு. ஐந்தாண்டுகளுக்கு முன், ஒரு திருமணத்திற்கு என்னை அழைத்துப்போகக் காரில் வந்தவன், நான் வகுப்பை முடிக்கும்வரை பொழுது போகாமல் எடுத்தது.

“இது எந்தப் பள்ளிக்கூடம்டா?”

“ஏதோ ஒண்ணு. நூறு இடத்துக்குப் போறவன், எதைன்னு ஞாபகம் வச்சுக்க?”

“நடுவுல குனிஞ்சிருக்கிறது?”

“டீச்சரா இருக்கும்” என்றவன், பேனாவைத் திறந்து, அட்டையின் மீதே ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று எழுதிக் கையொப்பமிட்டான். வழவழப்பான அந்தத் தாளில் மை காயவில்லை. குச்சியின் நிழலில் தேங்கி, குனிந்த முதுகை நோக்கி மெல்ல வழிந்துகொண்டிருந்தது.