தாபானின் குரலுக்கு மேல் என் குரல்

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழு வயது வரை அது இரண்டே வேலைக்குத்தான் பயன்பட்டது. கடைக்கு வருகிறவனிடம் கிளட்ச் பிளேட் இருக்கிறது, இல்லை என்று சொல்வதற்கு. கடை வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறவனோடு சண்டை போடுவதற்கு. காஷானில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன குரல் வேண்டிக்கிடக்கிறது? பாட்டெல்லாம் என் மனைவி தாபானின் சமாசாரம்.

அவள் ஆறு வருடமாக நஸ்தரன் டீச்சரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளைவிடப் பதினொரு வயது சின்னவள், முப்பத்தொன்றுதான் ஆகிறது. பருப்பும் உலர்பழமும் விற்கிற கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வீடு. கூடத்தின் ஜன்னல்களைப் பழைய மெத்தைகளால் அடைத்து, அதையே வகுப்பாக வைத்திருந்தாள். சனியும் செவ்வாயும் சாயங்காலம் நான் தாபானை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்தா கொறித்துக்கொண்டிருப்பேன். மெத்தையையும் கதவையும் தாண்டி அவள் குரல் படிக்கட்டுக்கு வரும். தொண்டைக்குள்ளேயே குரலை உடைத்து உடைத்துப் புரட்டி மேலே ஏற்றுவாள் பாருங்கள், அப்போது பிஸ்தாவைக் கடிக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். சத்தம் வந்து கெடுத்துவிடுமே என்று.

அந்தக் குரலை அவளுடைய அப்பா முப்பது வருடமாகக் கேட்டதில்லை. என் மாமனார் யதுல்லா, கல் அடுப்பில் ரொட்டி போட்டே ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். தாபானுக்குப் பன்னிரண்டு வயதில், சித்தப்பா கல்யாணத்தில், பெண்கள் இருந்த அறையில் பாடியிருக்கிறாள். முற்றத்தில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. உன் குரல் வெளியே கேட்டது என்று மட்டும் சொன்னாராம். அதோடு அந்த வீட்டில் பாட்டு முடிந்தது.

என்னைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, நான் தடை சொல்லாததால் மறுபடி ஆரம்பித்தாள். ஆனால் ஒரே ஓர் ஆசை அவளை விட்டபாடில்லை. பாபா ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். கிழவருக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் மிஷின். அதுவும் அடுத்த வருடம் இந்த நேரத்துக்கு உதவுமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் போனில் பதிவு செய்துகொண்டுபோய் நீட்டினேன். மனிதர் தொடக்கூட இல்லை.

"திருட்டுத்தனமா எல்லாம் கேக்க மாட்டேன் மாப்ள. அனுமதி வாங்கி, முத்திரை குத்தி, மேடையில பாடட்டும். முதல் வரிசையில வந்து உக்காருறேன்."

அவர் அப்படித்தான். ரொட்டிக்கடை லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையை மூடிப் பதினைந்து வருடமான பிறகும் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற ஆள். முத்திரை இருந்தால் அவருக்குப் பாவமும் புண்ணியமாகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாபானுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. பாபா வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அது போதும் அவளுக்கு.

ஆனால் முத்திரை எதற்குக் கிடைக்கும்? எங்கள் நாட்டுச் சட்டப்படி ஆண்கள் உட்கார்ந்திருக்கிற சபையில் பெண் தனியாகப் பாடக் கூடாது. கூட இன்னொரு குரல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒலிக்க வேண்டும். ஆக, அவர் கேட்க ஒப்புக்கொண்ட ஒரே இடம், அவள் குரல் தனியாகக் கேட்கக் கூடாத இடம். இதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம் என்றேன். வேண்டாம், சொன்னால் வரவே மாட்டார் என்றாள் தாபான்.

கூடப் பாடுவதற்கு டீச்சரின் ஆண் மாணவர்கள் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். அதற்கும் என் மைத்துனன்மார் குதித்தார்கள், வேற்று ஆளோடு எங்கள் அக்கா மேடையில் நிற்பதா என்று. ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் கதவைத் திறந்து, படிக்கட்டில் பிஸ்தாத் தோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கியோமர்ஸ் அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. ஒரு 'ஆ' சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். தாபான் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றைக்கே என் பாட்டு வகுப்பு ஆரம்பமானது.

அந்த எட்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின் மேல் தக்காளி விழுது டின்னை வைப்பாள் டீச்சர். மூச்சு இழுத்தால் டின் ஏற வேண்டும், விட்டால் ஒரே சீராக இறங்க வேண்டும், ஆடக் கூடாது. என் டின் உருண்டு மெத்தைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். காலையில் தொண்டைக்கு இதமென்று சீமைமாதுளை விதையை வெந்நீரில் ஊறவைத்த அந்தக் கொழகொழத் தண்ணீர். டீயோடு சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடிப்பதற்குத் தடை. எல்லாவற்றுக்கும் மேல், கத்தக் கூடாது. கடை வாசலில் எவன் வண்டியை நிறுத்தினாலும் நான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு மெல்லப் பேசினேன். எனக்கு ஏதோ பக்கவாதம் வந்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்கள்.

வீட்டில் தாபான்தான் வாத்தியார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு அடி பாடுவாள், நான் திருப்பிப் பாட வேண்டும். தப்பினால் கத்தியை நிறுத்துவாள். திட்டமாட்டாள். மறுபடி அதே அடியை, முதல் தடவை பாடுவதுபோலவே பாடுவாள். ஆறாவது மாதத்தில் ஒரு நாள் கத்தி நிற்கவே இல்லை. நான் முழுப் பாட்டையும் முடித்துவிட்டுத் திரும்பினால் அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றாள்.

மேடைக்கான நாலு பாட்டையும் பதிவு செய்து, அரசாங்கக் கலாசார அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு அனுப்பினோம். பெண் குரல் தனித்துத் தெரிகிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். என் குரல் போதவில்லையாம். இன்னும் இரண்டு மாதம் என்னைப் பிழிந்தாள் டீச்சர். மார்பிலிருந்து பாடச் சொன்னாள், குரலை அகலமாக்கச் சொன்னாள். மறுபடி அனுப்பியபோது முத்திரையோடு வந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டோம். என் குரல் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. தாபானின் குரல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நான் கொஞ்சம் தேறினால் அவள் கொஞ்சம் மறைகிறாள். எட்டு மாதம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது இதைத்தானா? டீச்சரிடம் கேட்டேவிட்டேன். அவள் கெட்டிக்காரி, அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு அடிக்கும் நீங்க கண்ணிமைக்கிற நேரம் பிந்தி ஆரம்பிங்க அண்ணே. தொடக்கம் அவங்களோடதா இருக்கும். அவங்க குரலைப் புரட்டும்போது நீங்க புரட்டாதீங்க, ஒரே இடத்துல நில்லுங்க. மேலே அவங்க தெரிவாங்க. பெத்தவருக்கு அது போதும். ஆனா வாயை மட்டும் மூடிடாதீங்க."

நான் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தேன். ஓரத்தில் தெரிவதற்காகவா முப்பது வருடம் காத்திருந்தாள்? கடைசிப் பாட்டில் நாலு அடி, அவள் குரல் உச்சிக்கு ஏறுகிற இடம், அங்கே நான் பாடப் போவதில்லை. இருமல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரோஜாப்பூவிலிருந்து பன்னீர் வடிக்கிற மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி. இருநூறு பேர் கொள்ளும் சின்ன அரங்கம்தான். வாசலில் ஒட்டியிருந்த அனுமதித் தாளை என் மாமனார் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு தரம் படித்தார். முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். கல்யாணக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். மிஷினைக் காதில் அழுத்திச் சரிசெய்துகொண்டார். ஒலிபெருக்கி அவருக்கு நேரே இருந்தது. அது இருந்தால்தான் அவருக்குக் காது கேட்கும். பின்னால், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப் பலகைக்குப் பக்கத்தில், அனுமதி கொடுத்த இடத்திலிருந்து வந்தவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று பாட்டும் டீச்சர் சொன்னபடியே போயின. நான் பிந்தி நுழைந்தேன், ஓரிடத்தில் நின்றேன். ஒவ்வொரு அடியின் தலையிலும் தாபானின் குரல் ஒரு கணம் தெரிந்தது. மாமனார் தலையைச் சாய்த்து, எதையோ தேடுகிறவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டில் அவருடைய விரல் முழங்காலைத் தட்ட ஆரம்பித்தது. அகப்பட்டுவிட்டது போலிருக்கிறது. அதைப் பார்த்த பிறகாவது நான் புத்தியோடு இருந்திருக்கலாம்.

கடைசிப் பாட்டு. நாலு அடியும் வந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

தாபானின் குரல் தனியாக எழுந்தது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்குப் பக்கத்தில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் தந்தியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. பின்னால் அந்த மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு, பலகையில் ஒரே ஒரு குமிழைக் கீழே இழுத்தார். சத்தம் போடவில்லை, எழுந்திருக்கவில்லை. தாபானின் மைக் செத்துப்போனது.

அவள் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே பாடினாள். முதல் இரண்டு வரிசைக்கும் கேட்டிருக்கும், ஒரு அம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த வரிசைகளில் கேட்காதவர் ஒரே ஒருவர்தான். அவர் மிஷினைக் கழற்றித் தட்டினார், மறுபடி மாட்டினார், மகளின் வாயையே பார்த்தார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பாடு என்று கையை அசைத்தார். இல்லாவிட்டால் திரை இறங்கும், நாளைக்கு டீச்சர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். தாபானும் பாடிக்கொண்டே தலையைத் திருப்பி, பாடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். நான் பாடினேன். அவளுடைய நாலு அடியையும் நானே பாடினேன். கோபத்திலோ பயத்திலோ, என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வந்த மனிதர் எல்லாம் முறைப்படி நடந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நல்ல குரல் உங்களுக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் என் பக்கம் திரும்பாமல் வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

வண்டியில் மாமனார் எனக்குப் பக்கத்தில், தாபான் பின்னால். கிளம்புவதற்கு முன் அவர் உடம்பைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, கடைசிப் பாட்டுல வாயை மட்டும் அசைச்சே? அன்னிக்கு நான் சொன்னதை இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

தாபான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது பாபா என்று சத்தமாகச் சொன்னாள். அவர் நம்பவில்லை. நான்தான் உன் வாயை அடைத்துவிட்டேன் என்று இரண்டு மூன்று தரம் முணுமுணுத்தார். இல்லை மாமா, நான்தான் என்று எனக்குச் சொல்ல வந்தது. சொன்னால் அனுமதித்தாளின் கதை முழுவதையும் சொல்ல வேண்டும், அவர் அவ்வளவு ஆசையாகத் தொட்டுப் பார்த்த முத்திரையையும் சேர்த்து. சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன்.

கடைத்தெரு வந்ததும் ஹாரன் சத்தம் தாங்காமல் அவர் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எப்போதும் செய்வதுதான். சிக்னலில் நின்றோம்.

அப்போதுதான் பின்னால் தாபான் பாடினாள். அந்த நாலு அடி. மேலே ஏறி, உடைந்து, புரண்டு, இறங்கியது. மேலே வேறு குரல் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டு பாடினாள். அவர் ரோஜா வண்டிக்காரனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சட்டைப் பைக்குக் கையை நீட்டினேன், மிஷினை எடுத்து எப்படியாவது அந்தக் காதில் வைத்துவிட வேண்டும் என்று. அவர் சட்டென்று திரும்பி, நீட்டிய என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் பாராட்டுக்கு ஏங்குகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும்.

"நல்லா பாடினே மாப்ள. ரொம்ப நல்லா இருந்துச்சு. யார்கிட்ட கத்துக்கிட்டே?"

உங்கள் பெண்ணிடம் என்றேன். கேட்கவில்லை அவருக்கு. கையையும் விடவில்லை. பின்னால் பாட்டு முடிந்துவிட்டது. விளக்கு பச்சையாகி, பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், நான் வண்டியை எடுத்தேன்.