டின் சத்தத்துக்கு வருவது

...முதலை குடல் தின்கிறதை எத்தனை வாட்டி பார்க்கிறது என்று கேட்கிறான், மெட்ராஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அவன் மண்டையைப் பிடித்து நாலு இடி கல்லில் இடித்தால் தெரியும், ஓடு பிளக்கிற சத்தம் இங்கே தீவில் சிப்பிகாட் வரைக்கும் கேட்கவேண்டும்... நாகராஜ் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தான். மரைன் ஹில் லாட்ஜ் கவுண்டரில் ராத்திரி முழுக்க விழித்த கண், மண் அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது, தோளில் கேமரா, இடது கையில் கோழிக்குடல் பை சொட்டிக்கொண்டே வந்தது. ரோஜ் ரோஜ் இந்தக் கச்சரா, இந்தக் குப்பை எதுக்கு நாகு, பிரியாணி போடுறியா, என்று கறிக்கடை ஹம்தான் பாய் சிரித்தார். சிரிக்கட்டும். நெட்டில் அவன் எழுதுகிற பிளாக்கில் விளம்பரம் போடுகிற மெட்ராஸ்காரன் நேற்று போனில் சிரிக்கவில்லை. உசுரோட ஏதாச்சும் காட்டுங்க ப்ரோ, ரத்தம் இருந்தாத்தான் கூட்டம், கூட்டம் இருந்தாத்தான் காசு, இல்லன்னா இந்த மாசத்தோட எடுத்துடுறேன். எடுத்துவிட்டால்? சாகிறவரைக்கும் லாட்ஜ் சாவி, டூரிஸ்ட் வாந்தி, ஏ லட்கே, பானி லா, டேய் பையா தண்ணி கொண்டா என்கிற அதட்டல்...

முதலில் என்னதான் எழுதவில்லை அவன்? கப்பல் எப்போது வரும், திக்லிபூர் பஸ்ஸில் எந்த சீட்டில் குமட்டாது, சுனாமியில் வயலுக்குள் ஏறி உட்கார்ந்த கடல் ஏன் திரும்பிப் போகவே இல்லை... ஒரு நாயும் படிக்கவில்லை. கடைசியில் நாய்தான் காப்பாற்றியது. முங்கின வயலுக்குள் குடிவந்த முதலை பக்கத்து வீட்டு பெங்காலியின் நாயை இடுப்போடு கவ்வி, உதறி, இரண்டாக்கியதைப் படம் எடுத்தான். இந்தத் தீவு நெட்டில் படம் ஏற ஒரு பொழுது ஆனது. ஏறியதும் ஈ மாதிரி மொய்த்தார்கள். அன்றிலிருந்து, நசுங்கின எண்ணெய் டின்னைக் கல்லில் தட்டுவான், டங் டங், குடலை எறிவான், கேமரா வலது கையில், கை போதாமல் லென்ஸ் மூடியைப் பல்லால் கடித்து உருவுவான். முதலை பழகிவிட்டது. இப்போதெல்லாம் குடலுக்குக் காத்திருப்பதில்லை, சத்தத்துக்கே வருகிறது, வீட்டு மாடு மாதிரி. ஃபாரஸ்ட்காரன் கூண்டு வைத்துக் கொண்டுபோய்விட்டால் பிளாக்கில் எதைப் போடுவது, தன் மூஞ்சியையா? அதனால்தான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான், அது அலையாத்திக் காட்டுப் பக்கம் போய்விட்டது என்று. ஒரே வீட்டில் இருக்கிற செல்லம் அக்காவிடமும் சொன்னான்.

"சத்தியமா போயிருச்சாடா?"

"சத்தியமாக்கா."

"போனா சரி. புருசனத்தான் கடலு தின்னுச்சு. என்னைய இது தின்னா ஒனக்கு எவ சோறு பொங்குவா?"

டங்.

நின்றான். எண்ணெய் டின் கூரைமேல் அல்லவா கிடக்கிறது, நேற்று அவனே போட்டது... டங், டங். உப்பில் செத்த தென்னைகளுக்கு அந்தப் பக்கம், கணுக்கால் தண்ணீரில் அக்கா நின்றாள், முதுகு தண்ணீருக்கு, முகம் கரைக்கு. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லைபோல, பாத்திரத்தை உப்புத்தண்ணீரில் தேய்த்து வீட்டில் நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசிக்கொள்ளலாம் என்று வந்திருப்பாள், தம்பிதான் சத்தியம் பண்ணியிருக்கிறானே. அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக் கல்லில் அடித்தாள்.

"வந்துட்டியா? பொறுடா, அடிப்புடிச்சுப் போச்சு, எழவு விடமாட்டேங்குது." டங்.

அவளுக்குப் பின்னால் தண்ணீர் அவசரமில்லாமல் பிளந்தது. இரண்டு கண் முண்டு, பின்னாலேயே நீளமாக ஒரு கோடு. எப்போதும் அவனை நோக்கி வருகிற அதே வருகை. கத்து. அக்கா மேல ஏறு, குண்டான விட்டுட்டு ஏறு, கத்துடா நாயே... கத்தினான், வெளியே வந்தது வெறும் காற்று. பை எங்கோ விழுந்திருந்தது. அக்கா நிமிர்ந்து, என்னடா முழிக்கிறே என்பதுபோல் பார்த்தாள், படச் சட்டத்தின் நட்டநடுவில், துல்லியமாக... எந்தச் சட்டம்? பல்லுக்கிடையில் பிளாஸ்டிக் கசந்தது. லென்ஸ் மூடியை எப்போது உருவினான்?