பாட்டுக்கு அடியில்

கட்டாரில் இருக்கும் என் அண்ணன் ரொபர்ட்டுக்கு உபதேசம் செய்வதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அம்மாவின் வருஷப் பூசை வருகிறது, அதற்குள் அந்தப் பழைய வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். எந்த மிஷின் நல்லது, எந்த வயரை எங்கே குத்த வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் பேசுகிற யூடியூப் வீடியோக்களாக அனுப்பித் தள்ளினான். லீவில் வந்த ஒரு பையனிடம் விரல் நீளத்தில் ஒரு குச்சியையும் கொடுத்தனுப்பினான். கேசட் போடுகிற டெக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சாமானாம். நேரில் வந்து ஒரு வயரைக் குத்தித்தர மட்டும் துரைக்கு நேரமில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கேசட். நான் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று எடுத்தது. எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாக நான்தான் அதில் நாயகி. ஆனால் யாரும் என்னைப் பார்ப்பதற்காக அதைப் போட்டதில்லை. மறுநாள் காலையில் எங்கள் அம்மா திரேசா குசினியில் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். தேயிலைத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பலாங்கொடைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்ததாம். ஆகையால் அது அம்மா கேசட்.

அதில் எல்லாருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேக் வெட்டுகிற மேசைக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் நிற்பார்கள். அம்மா அப்பாவின் காதருகே சாய்ந்து ஏதோ சொல்வாள். அப்பா உதட்டை அசைத்து ஏதோ பதில் சொல்வார். உடனே அம்மா கேமராவைப் பார்த்து முகம் மலரச் சிரிப்பாள். பின்னணியில் ஒரு சினிமா டூயட் உருகும். "என்னா இருதயராஜ், பொண்டாட்டி காதுல என்னாத்த சொன்ன?" என்று வரிசை வீட்டு லயமே சேர்ந்து அப்பாவைக் கேலி செய்யும். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்தோம்.

டூயட் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வீடியோ எடுத்தால் அப்படித்தான். கல்யாணமோ சடங்கோ ஞானஸ்நானமோ, எடுத்து முடிந்ததும் வீடியோக்காரர் முழுக்க முழுக்கப் பாட்டை ஏற்றித்தான் தருவார். பாட்டில்லாத கேசட் சோறில்லாத கலியாணம் மாதிரி. பாதர் எனக்கு நற்கருணை தருகிறபோதுகூட யாரோ ஒருத்தி மழையில் நனைந்து பாடிக்கொண்டிருப்பாள். மனிதர்கள் பேசியது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது. அம்மாவின் முகம் படத்தில் இருக்கிறது, சேலையும் இருக்கிறது. குரல் மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை. எட்டு வயது வரைக்கும் தினமும் கேட்ட குரல் எப்படி மறந்துபோகும் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அவள் பேசாமல் போன ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். "மகராசி, ஒரு வார்த்தை வலிக்குதுன்னு சொல்லாம போய்ட்டா." இது அப்பா சொல்வது. நான் கையை முறித்துக்கொண்டு அழுதபோதும் சொன்னார். பல்வலியில் துடித்தபோதும் சொன்னார். "ஒங்கம்மா எப்பிடிப் பொறுத்தா தெரியுமா?" என் மகள் பிறந்தபோது பிரசவ அறையில் நான் உதட்டைக் கடித்து இரத்தம் வரவைத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நேர்ஸ் அம்மாவே பயந்துபோனாள். நான் திரேசாவின் மகள் என்ற திமிர் அது. இப்போது பலாங்கொடையில் ஒரு பார்மசியில் நிற்கிறேன். சும்மா தலைவலிக்கு முனகிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வரும்.

அண்ணனின் குச்சியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பவாஸின் கடைக்குப் போனேன். இப்போது அது போன் திருத்துகிற கடை. முன்பு அவனுடைய வாப்பா ஹலீம் நானா அதே இடத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். எங்கள் கேசட்டை எடுத்ததும் அவர்தான். அவர் மௌத்தாகி வருஷங்கள் ஆகின்றன.

பவாஸ் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது ஒரு வேலையும் செய்யாது. டெக் குடுக்கிறத கம்ப்யூட்டருக்குக் கடத்தும், அவ்வளவுதான். டெக்தான் முக்கியம்."

"அப்ப எங்கண்ணன் கட்டார்ல இருந்து கடத்தினது வெறும் வால்தானா?"

"ஹரி, சரிதான், அப்பிடித்தான்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு டெக்குகளைத் தூக்கி மேசையில் வைத்தான். ஒன்று வெள்ளி நிறத்தில் பார்க்கப் புதிது போல இருந்தது. மற்றது கறுப்பு. முன்பக்க மூடி உடைந்து, உள்ளே இருக்கிற பல்சக்கரமெல்லாம் தெரிந்தது. நான் வெள்ளியைக் கைகாட்டினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் காட்டுவார்கள்.

"படம் மட்டும் போதும்னா அது நல்லம். கேசட்டுக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா அதுல பாட்டுத்தான் வரும்."

"எதுல போட்டாலும் பாட்டுத்தானே வரும்? ஒங்க வாப்பா ஏத்தின பாட்டு."

பவாஸ் தலையை ஆட்டினான். "இல்ல அக்கா. இந்த டேப்புல சத்தம் ரெண்டு எடத்துல ஈக்குது. ஓரத்துல ஒண்ணு, படத்துக்கு அடியில ஒண்ணு. வாப்பா பாட்டு ஏத்தினது ஓரத்துல மட்டுந்தான். அடியில ஈக்கிறத அழிக்கணும்னா படத்தையும் சேத்து அழிக்கணும். வாப்பாட கேமரா பெரிய சாமான், ரெண்டுலயும் பதியும். சாதாரண டெக் ஓரத்த மட்டுந்தான் வாசிக்கும். இந்தக் கறுப்பன் ரெண்டையும் வாசிப்பான். வாப்பாவுக்கே இது தெரியாது. நான் இப்ப நெட்ல பாத்துத்தான் படிச்சன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருஷமும் அந்த டூயட்டுக்கு அடியில் அம்மா பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள்தான் கேட்காத மிஷினில் போட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

"ஆனா ஒண்ணு" என்றான் பவாஸ். "கறுப்பன் குணங்கெட்டவன். போன மாசம் ஒரு ஆளுட கேசட்ட மென்னுட்டான். யோசிச்சுச் செய்யுங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? முதலில் வெள்ளி டெக்கில் போட்டுப் படத்தையும் பாட்டையும் பத்திரமாக ஏற்றிவிடுவது, பிறகு கறுப்பனில் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மென்றாலும் படம் தப்பும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் கேசட்டை எடுத்துத்தந்தார். தேயிலை அடைக்கிற வெள்ளித்தாள் பையில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த மனுஷன், ஈரம் எப்படி உள்ளே போகும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் மழைக்கு ஊரில் எல்லாருடைய கேசட்டும் பூஞ்சணம் பூத்துக் குப்பைக்குப் போய்விட்டது. எங்களுடையது மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தது.

"படம் கெடச்சா போதும்மா" என்றார். "அந்த ஒடஞ்ச டெக்குல போட வேணாம். மென்னுருச்சின்னா?"

"படத்த மொதல்லயே ஏத்திருவோம்பா. அம்மா கொரலக் கேக்க ஆச இல்லையா ஒங்களுக்கு?"

"செத்தவ கொரலக் கேட்டு என்னாத்துக்கு? விட்டுரு சர்மி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம், பாவம், துக்கத்தைத் தாங்க மாட்டாமல் சொல்கிறார் என்று நானாகவே சமாதானம் செய்துகொண்டேன். கால் வலிக்கிறது என்றார், பஸ்ஸில் கூட்டம் என்றார். நான் விடவில்லை. சனிக்கிழமை அவருக்குச் சட்டை மாட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டுதான் போனேன், இதில் பொய்யில்லை.

வெள்ளி டெக் வேலையை ஒழுங்காக முடித்தது. பாட்டும் படமும் கம்ப்யூட்டரில் ஏறின. பிறகு பவாஸ் பிஸ்மி சொல்லிக் கேசட்டைக் கறுப்பனுக்குள் தள்ளினான். கரகரவென்று ஒரு இரைச்சல். படம் ஆடியது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். இரைச்சல் நின்றது.

கோயில் மணி அடித்தது. எங்கள் தோட்டத்துக் கோயில் மணி. பிள்ளைகள் கத்துகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், கிளார்க் ஐயாவின் மனைவி என்னைப் பார்த்துச் சிங்களத்தில் "லஸ்ஸனை, லஸ்ஸனை", அழகு அழகு, என்கிற சத்தம். பாட்டு இருந்த இடமெல்லாம் மனிதர்கள் வந்து நிரம்பினார்கள். அதற்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடி சர்மி, கவுனத் தூக்கிப் புடிடி, சேறு!"

கரகரத்த, பெரிய குரல். நான் மனதில் வைத்திருந்தது மெல்லிசான குரல். இதுதானா நீ, இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவளா நீ என்று கடை என்றும் பாராமல் அழுதேன், சிரித்தேன். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், போவோம்" என்றார்.

"இருங்கப்பா, கேக் வெட்டுற எடம் வருது. நீங்க காதுல சொன்னது இன்னைக்கு வெளிய வரப்போவுது."

வந்தது. மேசைக்குப் பின்னால் அம்மா சாய்ந்தாள்.

"என்னாங்க, அடிவயிறு கிழியிற மாதிரி இருக்குங்க. காலையிலருந்து சொல்றேன். நிக்க முடியல. டவுனுக்குப் போயிருவோங்க."

அப்பாவின் குரல், இளமையான குரல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது:

"எல்லாரும் வந்திருக்காங்க. மானத்த வாங்காத. கேமரா பாக்குது, சிரி."

அம்மா சிரித்தாள். நாங்கள் வருஷா வருஷம் கும்பிட்ட சிரிப்பு.

பவாஸ் பதறிப்போய் எதையோ அமுக்கினான். படம் அந்தச் சிரிப்பிலேயே நின்றது. யாரோ கன்னத்தில் அறைந்தது போல முகம் எரிந்தது. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனவள் என்றார்களே. காலையிலிருந்து சொல்கிறேன் என்கிறாளே.

"அப்பா" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அடக்கம் முடிஞ்சு ஹலீம் நானா வீட்டுக்கு வந்தாரு. சம்சாரத்து கொரல் கேசட்டுல இருக்கு, பாட்டு ஏத்தாம அப்பிடியே தரவான்னு கேட்டாரு." சட்டைப் பொத்தானைத் திருகினார். "நான்தான் ஏத்தச் சொன்னேன். ஏத்தினா பழைய சத்தம் அழிஞ்சிரும்னாரு. அழிஞ்சிரும்னுதானே சொன்னாரு."

கத்த வேண்டும் போல இருந்தது. கடையில் இருக்கிற போன்களையெல்லாம் அள்ளித் தெருவில் வீச வேண்டும் போல இருந்தது. முறிந்த கை, கடித்த உதடு, நான் கவுண்டரில் முறைத்து அனுப்பிய முகங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. எதிரில் ஒரு கிழவர் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெறுக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் தோன்றியது.

பவாஸ் மெதுவாகக் கேட்டான். "அக்கா, எந்தச் சத்தத்த வெக்க? ரொபர்ட் அண்ணனுக்குப் பாட்டு உள்ளதையே அனுப்பிருவமா?"

அப்பா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாட்டு வேணாம்" என்றேன். "எங்கம்மா பேசினத வைங்க. முழுசா."

பவாஸ் பொத்தானை அமுக்கினான். நின்ற சிரிப்பு அசைந்தது. கேமரா அவர்களை விட்டு நகர்ந்து கேக்குக்கும் எனக்கும் வந்தது. அம்மா படத்தில் இல்லை. நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன், எல்லாரும் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில், ஓரத்திலிருந்து, அதே கரகரத்த குரல் கேட்டது.

"சிரிச்சிட்டேங்க. இப்பயாச்சும் போவோமா?"

கேசட்டில் அப்பா பதில் சொல்லவில்லை. கடையிலும் சொல்லவில்லை.